குசினியால் போய் முன்கதவால் வந்த டீச்சர்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது என் மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. மகனுக்கு நான்கு வயது. அவன் இன்னும் எங்கேயும் சேரவில்லை. பாடங்களைப் போனில் அனுப்புவதாகப் பள்ளியில் சொன்னார்கள். வீட்டிலிருந்த ஒரே நல்ல போன் விடிந்ததும் என் கணவரோடு தோட்டத்துக்குப் போய்விடும். எங்கள் ஊரான மாம்புரியின் மணலில் அவர் பீட்ரூட்டும் மிளகாயும் போட்டிருந்தார். வியாபாரிகள் எந்த நேரமும் அழைப்பார்கள்.

“நானே படிப்பிக்கிறன்” என்றேன்.

“நீயா?” என்றார் அவர். “எனக்குத் தேத்தண்ணி ஊத்தப் படிப்பிச்சியே, அதே பாதியில நிக்கிது.”

எனக்கு உறைத்தது. ஏ.எல். வரை படித்தவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் ஒரு பொருட்டா? அடுத்த நாள் காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய கலண்டரைத் திருப்பிச் சுவரில் மாட்டிக் கரும்பலகை ஆக்கினேன். சட்டியில் கரண்டியால் அடித்து மணியும் அடித்தேன். படுக்கை உடுப்போடு வந்த மகள், “இன்டவல் எப்ப?” என்று கேட்டாள். மகனோ ஆட்டுப் படத்தைக் காட்டினாலும் ஆடு என்றான், இலைப் படத்தைக் காட்டினாலும் ஆடு என்றான். இலையை ஆடு தின்னும்தானே என்று விளக்கமும் சொன்னான்.

பகலாவதற்குள் என் குரல் தெருவுக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது. மகள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எங்கட டீச்சர் இப்பிடிக் கத்த மாட்டாங்க. நீங்க உம்மாதானே. உம்மாட்ட எப்பிடிப் படிக்கிற?”

அன்றைய பள்ளிக்கூடத்தை அதோடு மூடினேன். ஆனால் மறுநாள் ஒரு வழி தோன்றியது. பிள்ளைகளை மேசையில் இருத்தி, “இப்ப டீச்சர் வருவாங்க” என்று சொல்லிவிட்டுச் சோறாக்கும் குசினிக்குப் போனேன். வீட்டுச் சட்டைக்கு மேல் நல்ல அபாயாவைப் போட்டேன். கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் கைப்பையை மாட்டிக்கொண்டு, பின்கதவால் இறங்கி வீட்டைச் சுற்றி நடந்தேன். வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ராத்தா ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“கேர்ஃபியூல எங்க வெளிக்கிட்டீங்க?”

“ஸ்கூலுக்கு ராத்தா.”

“எந்த ஸ்கூல்?”

“எங்கட வீடுதான்.”

“யா அல்லாஹ்” என்று முணுமுணுத்தபடி அவர் உள்ளே போய்விட்டார்.

முன்கதவைத் தட்டி ஸலாம் சொன்னேன். மகள் சட்டென்று எழுந்து நின்று பதில் ஸலாம் சொன்னாள். எழுதச் சொன்னதை எழுதினாள். வாசிக்கச் சொன்னதை வாசித்தாள். இலையை மறுபடியும் ஆடு என்ற மகனிடம் மட்டும் பிழை என்றேன். மகள் படித்த சந்தோசத்தில் எனக்குக் கொஞ்சம் ஆசை கூடிவிட்டது.

“ஒங்கட உம்மாவப் பத்திச் சொல்லுங்க பாப்பம்.”

“எங்கட உம்மா நல்லவங்க டீச்சர். ஆனா கறி கரிஞ்சா எங்களுக்குத்தான் ஏசுவாங்க. வாப்பா வாங்கிட்டு வாற சொக்லட்ட அலுமாரிக்குள்ள ஒளிச்சி வெச்சி, தனியத் தின்னுவாங்க.”

“அப்பிடி இரிக்காதே” என்றாள் டீச்சர்.

“இரிக்கி டீச்சர். சொக்லட் தாள் கெடந்திச்சி.”

இவ்வளவு நேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு உதடு துடித்தது. “எனக்கு உம்மா வேணும்.”

“இஞ்ச பாருங்க மகன், நான்தான்...”

“நீங்க டீச்சர்!”

அவன் குசினிக்கு ஓடினான். அங்கே உம்மா இல்லை. அவன் போட்ட கூச்சல் தோட்டம் வரை கேட்டிருக்கும். நான் முன்கதவால் பாய்ந்து, வீட்டைச் சுற்றி ஓடி, அபாயாவைக் கழற்றித் தண்ணீர்ப் பீப்பாயின் மேல் எறிந்துவிட்டுப் பின்கதவால் நுழைந்தேன். அவன் என் காலைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

“அந்த டீச்சர் வேணா உம்மா. ஆடு எண்டா பிழையாம்.”

பகல் சாப்பாட்டில் இந்தக் கதையைக் கேட்ட என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. “டீச்சருக்குச் சோறு போட்டியா?” என்றார். அதன் பிறகு வீட்டுக்குள் வரும்போதெல்லாம், “டீச்சர் இன்டக்கி லீவா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான் விடவில்லை. வெக்கை தாங்காமல் அபாயாவைக் கைவிட்டேன். கைப்பை மட்டும் போதும் என்று மகள் பெரிய மனதோடு சம்மதித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாய் அவளிடம் வந்து சேர்ந்தன. மகனும் இலையை இலை என்று ஒப்புக்கொண்டான்.

ஒரு பின்னேரம் பிள்ளைகளோடு தோட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கணவர் மிளகாய்க்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றத் திரும்பிய நேரத்தில், மோட்டர்க் கொட்டிலுக்குள் ஒரு போத்தலின் முன் மகன் குந்திவிட்டான். நல்ல மஞ்சள் நிறப் போத்தல். அவன் கையை நீட்டும்போதே மகள் அதன் மேல் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

“ந... ஞ்... சு.”

ஒரு கணம் யோசித்தாள். பிறகு, “நஞ்சு!” என்று கத்தியபடி தம்பியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். அவன் மணலில் விழுந்து அழுதான். என் கணவர் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார். மகளின் தலையைத் தடவினார். வீடு வந்து சேரும் வரை அவர் வாயிலிருந்து ஒரு கேலியோ பகிடியோ வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொட்டிலின் உயரத்தில் பலகை அடித்து, பூச்சி மருந்துப் போத்தல்களை எல்லாம் அதில் ஏற்றி, கொட்டில் கதவுக்குப் பூட்டுப் போட்டார். பிறகு வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு, மேசையில் மகனுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். நான் கைப்பையோடு முன்கதவால் நுழைந்தேன்.

“டீச்சர், எனக்கும் கொஞ்சம் படிப்பிச்சா...” என்று தொடங்கினார். பழைய சிரிப்பு முகத்துக்குத் திரும்பியிருந்தது.

“வாப்பா” என்றாள் மகள், எழுதுவதிலிருந்து தலை தூக்காமல். “கைய ஒசத்திட்டுக் கதைங்க.”

உயர்த்தினார்.