கல்யாண் பாலத்து நாலு செகண்ட்

பேராச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மடத்தனத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டி அவள் கதைக்குள் போக எனக்கு வழி தெரியவில்லை.

தாராவியில் எனக்குத் தோல் பர்ஸ் தைக்கும் பட்டறை. பேராச்சி அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். தைத்து வந்த பர்ஸில் பிசிறு நூலை வெட்டி, ஓரத்துக்குச் சாயம் பூசிக் காயவைப்பது அவள் வேலை. களக்காட்டுப் பக்கத்துக்காரி. மராட்டிப் போலீஸ்காரனிடமே தமிழில் சண்டை போட்டு ஜெயித்து வருவாள். அவள் வாய்க்குப் பயந்து தண்ணீர்க் குழாயில் யாரும் வரிசையைக் கலைக்க மாட்டார்கள்.

அவள் புருஷன் தளவாய் தோல் பதனிடும் இடத்தில் சுமைவேலை செய்தார். நல்ல உயரம். ஈரத்தோலைச் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கியிருக்கும். எண்பத்து மூன்றாம் வருஷம், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில், சட்டைத்துணி எடுத்து வருகிறேன் என்று தாதருக்குப் போனவர் திரும்பவே இல்லை. வீட்டில் சண்டையுமில்லை, வெளியே வம்புதும்பும் இல்லை. பேராச்சி போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பிணக்கிடங்கு என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். பிணக்கிடங்கில் துணியை விலக்கி முகம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் வழக்கம்போல் சாயம் பூசினாள். பொட்டையும் பூவையும் மட்டும் விடவில்லை. ஊரிலிருந்து அவள் அண்ணன் மாதம் ஒரு கடிதம் போடுவான். அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பதால் நான்தான் படித்துச் சொல்வேன். ‘இனிமேலும் காத்திருக்காதே, ஊருக்கு வா, அவருக்குச் செய்யவேண்டிய காரியத்தைச் செய்து முடித்துவிடுவோம்’ என்றுதான் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். படித்து முடித்ததும் என் கையிலிருந்து வாங்கிக் கிழித்துப்போடுவாள்.

இனி என் கதை. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. ஜும்மா தொழுதுவிட்டுச் சாப்பிட்டு, மூன்று மணிக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் பட்டறையில் கூடுவோம். எண்பத்தாறில் டெலிவிஷனில் ‘சௌக்கி நம்பர் பாரா’ என்று ஓர் இந்தித் தொடர் வந்தது. இன்ஸ்பெக்டர் பர்வே வாரம் ஒரு கொலையைக் கண்டுபிடிப்பார். பதின்மூன்று வாரத்தையும் என் மைத்துனன் ஹனீப் வி.சி.ஆரில் பதிந்து வைத்திருந்தான். நாங்கள் அதை இருபது தடவையாவது பார்த்திருப்போம். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தப்பு பிடிக்கத்தான் பார்த்தோம். யார் கண்ணில் படுகிறதோ அவர் ‘தப்பு!’ என்று கத்த வேண்டும். உடனே மெஷினை நிறுத்தி, டேப்பைப் பின்னால் ஓட்டி, நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டியாக வேண்டும். கதவுக்கு வெளியே பர்வேயின் இடது கையில் இருந்த கடிகாரம் உள்ளே வந்ததும் வலது கைக்குப் போனதைப் பிடித்தது நான்தான். செத்துக் கிடந்தவனின் இமை துடித்ததும் என் கண்ணில்தான் பட்டது. மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை பார்த்த பிரம்மநாயகம், பி.ஏ. படித்தவர், என்னைவிட ஆறு தப்பு பின்தங்கியிருந்தார். அதில் எனக்கு அப்படியொரு கர்வம்.

எண்பத்தேழு ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, விட்டுப்போன தூக்குச்சட்டியை எடுக்கப் பேராச்சி பட்டறைக்கு வந்தாள். ஒன்பதாவது கதை ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண் ஸ்டேஷன் பாலத்தில் பர்வே ஒருத்தனைத் துரத்துகிறார். நடுவே பாலத்துக் கூட்டத்தைக் காட்டுகிறார்கள்.

“நிறுத்துங்க! அண்ணாச்சி, நிறுத்துங்க!”

“பேராச்சியும் ஆட்டத்துக்கு வந்துட்டாள்லா!” என்று பிரம்மநாயகம் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. டி.வி. கண்ணாடியில் விரலை வைத்தாள். “அவியல்லா நிக்காவ.”

டேப்பைப் பின்னால் ஓட்டிப் பார்த்தோம். கட்டம்போட்ட சட்டையில் உயரமான ஓர் ஆள் பாலத்துக் கம்பியில் சாய்ந்து நிற்கிறார். நம் பக்கம் பார்க்கிறார், தோளில் வாயைத் துடைக்கிறார், திரும்பிக்கொள்கிறார். மொத்தம் நாலு செகண்ட். இடது தோள் இறங்கியிருந்தது. தளவாயேதான்.

பிரம்மநாயகம் எழுந்து பர்வே மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “தொடர் வந்தது எம்பத்தாறு. படம் பிடிச்சதும் அதே வருசமாத்தான் இருக்கும். அப்பம் போன வருசம் ஆளு உசுரோட இருக்காரு. கல்யாண்ல இருக்காரு.” நாங்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினோம். பேராச்சி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்றே தளவாயின் போட்டோவை எடுத்துக்கொண்டு கல்யாணுக்குப் போனோம். எங்களுக்கு அந்த உற்சாகம் மூன்று வாரம் தாங்கியது. அவள் ஐந்து மாதம் போனாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடியலில் போய் அந்தப் பாலத்தில் நிற்பாள். மூன்று மணிக்குப் பட்டறைக்கு வந்து, “இன்னொருக்கா போடுங்க அண்ணாச்சி” என்பாள். பழைய மெஷினில் நிறுத்தினால் படம் நடுங்கும். அவர் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். கோடுகளுக்கு நடுவே அந்த முகத்தை அவள் தேடுவாள். அண்ணனுக்குப் பதில் எழுதச் சொன்னாள். ‘அவுகளைப் படத்தில் பார்த்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார்கள். காரியம் என்று இனிமேல் எழுதாதே.’ அதை எழுதியது இந்தக் கைதான்.

ஜூனில் ஹனீப்புக்குச் சவுதியில் தம்மாமிலிருந்து புது வி.சி.ஆரும் பெரிய கலர் டி.வி.யும் வந்தன. நிறுத்தினால் போட்டோபோல அசையாமல் நிற்குமாம். “பேராச்சி ஒரு தடவையாவது நல்லாப் பாக்கட்டும் மச்சான்” என்று சொல்லி, மழையில் தார்ப்பாய் போர்த்திக் கைவண்டியில் கொண்டுவந்தான். அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

படத்தை நிறுத்தினோம். முகத்தில் இரண்டு நாள் தாடி தெரிந்தது. சட்டையில் மேல் பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது.

“எளச்சிருக்காவ” என்றாள் பேராச்சி. அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். “பொத்தான் தைச்சுக் குடுக்கக்கூட ஆளில்ல பாருங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவருக்குப் பின்னாலிருந்த தூணைப் பார்த்தேன். பாழாய்ப்போன பழக்கம்.

“தப்பு!” என்று கத்தினேன்.

“என்ன பாய்?” என்றார் பிரம்மநாயகம்.

“தூணப் பாருங்க. குஸ்திப் போட்டி நோட்டீஸ். தேதி எம்பத்து மூணு பிப்ரவரி, மராட்டில கொட்டை எழுத்துல போட்டிருக்கான். புத்தம்புதுசு, ஓரம்கூடக் கிழியல. பர்வேயோட போலீஸ் ஸ்டேஷன் காலண்டர்ல எம்பத்தாறு, இங்க எம்பத்து மூணா? இந்த ஊர் மழைக்கு ஒரு காகிதம் ஒரு வருசம் நிக்குமா? இன்னொண்ணு, பர்வேயும் இந்தக் கூட்டமும் ஒரு தடவையாவது சேந்து வாராவளா? வரல! எவனோ எப்பமோ எடுத்த ரீலை வாங்கி நடுவுல ஒட்டிருக்கான்!”

இரண்டு பேர் கைதட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது. பிரம்மநாயகத்தின் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது. தளவாய் காணாமல் போனது எண்பத்து மூன்று தீபாவளிச் சமயத்தில்.

“என்ன அண்ணாச்சி? எதுக்குக் கைதட்டுனாவ?”

பொய் சொல்லியிருக்கலாம். “இது அவரு காணாமப் போறதுக்கு முந்தி எடுத்தது, பேராச்சி. ஒம்பது மாசம் முந்தி.”

அவள் டி.வி.யைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, சாயக் கறை படிந்த விரல்களால் என் முழங்கையைப் பிடித்தாள்.

“அது படக்காரன் தப்புல்லா? வாரா வாரம் அவன் தப்பத்தான பிடிக்கிய? அவிய நிக்கது எப்பிடித் தப்பாவும்?”

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது.

“இல்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாவல்லா. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க.”

அவ்வளவு வாய் உள்ளவள் என்னிடம் கெஞ்சியது அன்றுதான். “பாலத்துக்குக் கூரை இருக்கு. மழை படாத எடமா இருந்தா நோட்டீஸ் நிக்கத்தான் செய்யும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றேன். பிடித்த தப்பை நான் வாபஸ் வாங்கியது அது ஒன்றுதான். ஹனீப் குனிந்து டி.வி.யை அணைத்தான். அதன்பிறகு நாங்கள் அந்த ஆட்டத்துக்குக் கூடவே இல்லை.

மறு வெள்ளிக்கிழமை விடியலில் நானும் அவளோடு கல்யாணுக்கு ரயிலேறினேன். அன்றைய ஜும்மாவை அங்கேதான் தொழுதேன். படத்தில் பார்த்த அந்தத் தூணைக் கண்டுபிடிக்க எனக்கு நேரமாகவில்லை. அதற்கு நேர் மேலே கூரை ஓட்டை. தூணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காகிதத்தின் சுவடுகூட அதில் இல்லை. பேராச்சியும் அதைப் பார்த்தாள், நான் பார்ப்பதையும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க கெழக்குப் படியப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. நான் மேக்க பாத்துக்கிடுதேன்.”

ரயில் வந்து நின்றது. கூட்டம் படியேறியது. ஒவ்வொரு தோளாகப் பார்த்தேன்.

“ஒசரமா ஆரும் வாராவளா?” என்று அங்கிருந்து சத்தம் கொடுத்தாள்.

“இன்னும் இல்ல, பேராச்சி” என்றேன்.