ஐந்து பொத்தான் நேரம்

வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் தனியாக இருப்பவர்களிடம் வாரம் ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருப்பது எங்கள் குழுவின் வேலை. எனக்கு வாய்த்தவர் பந்தல்குடியில் ஒரு பழைய லாரி டிரைவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதட்டல் மட்டும் அப்படியே இருந்தது. முறுக்கிய மீசை. நான் போகும்போதெல்லாம் வெள்ளைச் சட்டையில் கழுத்து வரை பொத்தான் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருப்பார்.

தூத்துக்குடி ரோட்டில் போகும் லாரிகளைக் காதாலேயே சொல்லிவிடுவார். என் பேச்சை நடுவில் கைகாட்டி நிறுத்துவார். "உப்பு லோடு. இழுக்க மாட்டாம இழுக்குறான் பாருங்க."

ஒருநாள் என் ஸ்கூட்டரையும் விடவில்லை. "சைலன்சரு ஓட்டை சார். பஜார்ல வரையிலேயே இங்க கேக்குது. மொதல்ல மாத்துங்க."

அருப்புக்கோட்டையில் கொடுத்து மாற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் சத்தமில்லாமல் போய்க் கதவைத் தள்ளினேன். மனிதர் வெறும் உடம்போடு இருந்தார். இடது கையால் துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை பக்கத்திலேயே மடித்தபடி கிடந்தது. இத்தனை வாரமும் பஜாரில் என் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான், ஒற்றைக் கையால் அதை மாட்டத் தொடங்கியிருக்கிறார்.

நான் வெளியே வந்து நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "இனிமே முக்குல திரும்பையில ஆரன் அடிச்சிட்டு வாங்க!"

இப்போதெல்லாம் முக்கில் ஹாரன் அடித்துவிட்டு, ஐந்து பொத்தான் போடுகிற நேரம் அங்கேயே நிற்கிறேன். பிறகு போய்க் கதவைத் தட்டுகிறேன்.

"லேட்டு சார்" என்று அதட்டுகிறார்.