கடைசி ஆணியில் கல் மனுஷன்

மலையாள எல்லைக்குள் இருக்கிற கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். எழுபத்தி நாலோ அஞ்சோ, அங்கே கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனேன். தற்காலிக வேலை. சித்தூரிலிருந்து அதிகாரி வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி அடுத்தவங்க கடலைக்காட்டில் கூலிக்குக் களை வெட்டணும். நாலு மாசமாக அந்த ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தேன்.

அவர் வருகிற நாள் காலையில் சரித்திர டீச்சர் நாலு படம் கொடுத்தார். என்னைவிட இளையவர், சிரிச்ச முகம்.

"ஏனுங்கக்கா, இதை வகுப்புச் செவுத்துல யுக வரிசைப்படி மாட்டிருங்க," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

படத்துக்குக் கீழே மலையாள எழுத்து. நான் மூணாம் கிளாஸ் வரைக்கும் தமிழ் படிச்சவள். எழுத்து தெரியாவிட்டால் என்ன, யுகம் தெரியும். கோயிலில் கதை கேட்டிருக்கிறேன். முதல் யுகம் நல்ல யுகம், கடைசி கலியுகம். போகப்போக மனுஷன் கெடுவான்.

உடுத்தியிருந்த துணியைப் பார்த்து வரிசையைப் பிடித்தேன். பட்டு கட்டின ராஜாவை முதல் ஆணியில் மாட்டினேன். அடுத்து வேட்டியோடு இரும்பு அடிக்கிறவன். அப்புறம் கோவணத்தோடு ஏர் ஓட்டுகிறவன். கடைசி ஆணியில், கையில் கல்லை வைத்துக்கொண்டு அம்மணமாக ஒருத்தன். கலி முத்தினால் அவ்வளவுதான்.

டீச்சர் திரும்பி வந்தார்.

"என்னுங்கக்கா, தலைகீழா மாட்டிட்டீங்க?"

"எங்கங்க தலைகீழு? எல்லாருக்கும் கால் கீழதான இருக்குது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "கல்லு வெச்சிருக்கறவன்தான் மொதல்ல வந்தவன். அப்புறம் வெள்ளாமை, அப்புறம் இரும்பு. ராஜா கடைசி."

"அப்ப மனுசன் கெட்டுப் போகலைங்களா?"

"புஸ்தகத்துல தேறிக்கிட்டுத்தான் வர்றானுங்க."

வெளியே ஜீப் வந்து நின்றது. கழற்றி மாட்ட நேரமில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். டீச்சர் வெளியே ஓடினார். அந்த வகுப்புக்கு ரெண்டு வாசல். அதிகாரியைக் கிணற்றுப் பக்கத்து வாசல் வழியாகக் கூட்டி வந்தார். அங்கிருந்து நடந்தால் கல் மனுஷன்தான் முதல்.

அதிகாரி ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்து ராஜாவின் முன்னால் நின்றார். இதற்கப்புறம் நம்ம காலம் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரயில் படம் ஒண்ணு இருந்ததுங்க. எலி தின்னுருச்சு," என்றேன்.

அவர் சிரித்தார். தரையைப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தூசி இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

"சுத்தம் நல்லாருக்குன்னு எழுதிட்டாருங்கக்கா. எட்டிப் பாத்துட்டேன்," என்றார் டீச்சர்.

சாயங்காலம் மணி அடித்ததும் படங்களை மாற்றினேன். டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலத்துக்கும் பேர் சொன்னார். திருப்பிச் சொல்லிச் சொல்லி மாட்டினேன்.

ஆடி மாசம் வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அதற்கப்புறம் களைக்கொத்தை எங்கள் காட்டில் மட்டும்தான் எடுத்தேன்.