அகதி மனுவும் வியாழக்கிழமை டிக்கெட்டும்

தோஹாவில் நான்கு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். ஒரு ஞாயிறு காலை ஃபோர்மன் வந்து, "காண்ட்ராக்ட் கலாஸ், முடிஞ்சது, வியாழன் ஃப்ளைட்" என்றான். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. விமான நிலையத்தில்தான் கையில் தருவார்கள். கூட நின்றவர்கள் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் பெட்டி வாங்கக் கிளம்பினார்கள். நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். இலங்கையில் ஏற்கெனவே ஒருமுறை விசாரணை என்று என்னைப் பிடித்துப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். போன மாதமும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "மகன் எப்ப வாறார்?" என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் அறை நண்பன் ராமநாதபுரத்துக்காரன். அவன்தான் எங்கெங்கோ கேட்டு ஒரு வக்கீலின் நம்பரைப் பிடித்துத் தந்தான். வேறு நாட்டில் இருக்கிற, இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண். அகதி மனு போடுகிறவர்களுக்கு உதவுகிறவர். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் சுவருக்கும் காது உண்டு. திங்கள் டியூட்டி முடிந்ததும் நஜ்மா கடைத்தெருவுக்குப் போய், ஒரு தேநீர்க் கடையின் கடைசி மேசையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனில் பேசினேன். பின்னால் யாராவது தமிழில் பேசினால் போதும், போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டு எழுதினார். கடைசியில், "உடம்பில ஏதும் காயம், தழும்பு இருக்கோ தம்பி?" என்றார்.

"ஒண்டுமில்லை அக்கா. நான் ஃபிட்."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வளைகுடாவுக்கு வந்த எவனும் அதைத்தான் சொல்வான். விசாவுக்கான மெடிக்கலில் ஒரு வார்த்தை கூடினால் 'அன்ஃபிட்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. என் முதுகில் அந்தப் பதினோரு நாளில் கம்பியால் சுட்ட ஆறு கோடுகள் இருக்கின்றன. மெடிக்கல் டாக்டர் கேட்டபோது, கராஜில் வேலை பழகிய நாளில் பட்ட சூடு என்று பல்லைக் காட்டியவன் நான்.

வக்கீல் எழுதியதை வாசித்துக் காட்டினார். 'எனக்கு எந்தக் காயமும் இல்லை' என்ற இடம் வந்ததும்தான் எனக்கு உறைத்தது. என் ஒரே சாட்சியை நானே அழித்துக்கொண்டிருந்தேன். என் மடத்தனத்துக்கு என்னையே அறையலாம் போலிருந்தது. தட்டுத்தடுமாறி உண்மையைச் சொன்னேன்.

"ஏன் முதலே சொல்லேல்ல?"

"சொன்னா அன்ஃபிட் எண்டு போட்டுடுவினம் அக்கா."

அவர் அந்த வரியைத் திருத்தி மறுபடி வாசித்துக் காட்டினார். பிறகு, "நான் உங்கட கம்பெனி இல்லை தம்பி. இண்டைக்கே படம் எடுத்து அனுப்புங்கோ" என்றார்.

நான்கு வருடத்தில் நண்பன் முன்னால் நான் சட்டையைக் கழற்றியதில்லை. ஆகஸ்ட் வெயிலில் ஏசி நின்றபோதும் பனியனோடு படுத்தேன். "புதுப்பொண்ணு" என்று கேலி செய்வான். இப்போது குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதல் மூன்று படமும் கலங்கலாக வந்தன.

"மாப்ள, ஆடாம நில்லுடா."

"நான் ஆடேல்ல. உன்ர கைதான்."

அவன் கையை லுங்கியில் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான்.

புதன்கிழமை மனு ஐ.நா.வின் அகதிகளுக்கான அலுவலகத்துக்குப் போனது. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. "நாளைக்குப் போனா உங்களை இலங்கையில பிடிக்கக்கூடும். போகாட்டி நாளையில இருந்து நீங்கள் தோஹாவில சட்டப்படி இருக்கிற ஆள் இல்லை. பொலிஸ் பிடிச்சா நான் கதைப்பன். ஆனா விடுவினம் எண்டு சத்தியம் பண்ண ஏலாது. நீங்கள்தான் முடிவெடுக்கோணும்" என்றார் வக்கீல். ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லமாட்டாரா என்றிருந்தது.

வியாழன் காலை கீழே கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது. நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். டிரைவர் மேலே வந்து அறைக் கதவைத் தட்டினான். "ஆத்மி மாஃபி பாய், ஆள் இல்ல, காலையிலயே போய்ட்டான்" என்று நண்பன் சொல்வது கேட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கியது. வேன் கிளம்பியது. என் பாஸ்போர்ட்டும் அதில்தான் போனது. பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக்கூடாதென்று, கொடியில் கிடந்த ஈரத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.