சுங்கை பட்டாணிக்குப் போன வேன்

எங்கள் வேனில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அப்பா சொல்லத் தொடங்கியது, மாமா கல்யாணத்துக்கு அழைப்பு வந்த பிறகுதான். மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் சுங்கை பட்டாணியில், தாத்தா வீட்டில். லிங்கிப் பக்கம் எஸ்டேட்டில் இருந்த எங்களுக்கு அது நாட்டின் மறுகோடி. அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை. தூரம்தான் காரணம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா லாரி ஓட்டினார். வண்டியைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் எஸ்டேட்டே நம்பும். ஆனால் அந்தப் பழைய வேனில் தினமும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது அம்மா.

முதலில் கீச்சென்ற சத்தம். அம்மா முன் சீட்டைத் தூக்கி, அடியில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் பெல்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். சத்தம் சட்டென்று அடங்கியது. பெல்ட்தான் என்று தெரிந்ததும் புதிதாக மாற்றிவிட்டாள்.

அடுத்தது டிக் டிக். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது கேட்டது உண்மைதான். அம்மா ஆயில் அளவைப் பார்த்தாள், வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தாள். இன்ஜின் சூடேறியதும் அதுவும் போய்விட்டது.

அப்பா விடவில்லை. உள்ளே பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, மேடு ஏறும்போது டொக் டொக் என்கிறது, ஹைவேயில் நின்றுபோனால் என்ன செய்வது என்றார். அம்மா எங்களை ஏற்றிக்கொண்டு தம்பின் டவுன் வரை ஓட்டினாள். ரேடியோவை அணைத்தாள், மேடு வந்தபோது வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தினாள். நான் சீட்டில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்பது எனக்குக் கேட்க இன்னும் வயதாக வேண்டும் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பின் பாசாரில், காய்கறிக் கடைகள் ஓரமாக அம்மா வண்டியை நிறுத்தினாள்.

"இந்த வண்டி போவும். நீங்க வரலன்னா சொல்லிடுங்க, நானும் புள்ளையும் போறோம். இந்தத் தடவ போவலன்னா இனிமே எப்பவும் இல்ல."

"அவ்ளோ தூரம் நீ ஒருத்தியா ஓட்ட முடியாதுலா" என்றார் அப்பா.

வழியில் நின்ற இடத்திலெல்லாம் அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். வேன் ஒரு குறையும் வைக்கவில்லை.

தாத்தா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். சத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா இன்ஜினை ஓடவிட்டு வண்டியருகிலேயே நின்றுவிட்டார். தாத்தா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"என்னா சத்தம்?" என்றார் தாத்தா.

"பேரிங்கா இருக்குமோன்னு பாக்கறேன், மாமா."

தாத்தா சட்டைக் கையை மடித்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் குனிந்தார்.

தாத்தாவின் பேச்சை மீறித்தான் அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டாள் என்பதும், அதன்பின் மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை என்பதும் நான் பெரியவளான பிறகே தெரிந்தது. அன்று எனக்குப் பசி. உள்ளே இலை போட்டுவிட்டார்கள். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இவர்களோ நிமிர்கிற வழியாக இல்லை. ஒரு சத்தமும் இல்லையே என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இருவரும் காதில் வாங்கவே இல்லை.