பன்னிரண்டு நாள் பேக்கிங்

கல்லூரி அலுவலகத்து மேசைமேல் ரேகை பார்க்கும் சிறிய கருவி இருந்தது. விரலை வைத்தால் பச்சை எரிய வேண்டும். எனக்குச் சிவப்புதான் எரிந்தது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஓசூரில் காலையில் பட்டறை, மதியத்துக்கு மேல் கல்லூரி என்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு அது. வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. உதவித்தொகையைப் புதுப்பிக்க என் விரல் மட்டும்தான் பாக்கி. வார்ப்பு இரும்புத் துண்டுகளின் பிசிறை எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, பிசிறோடு ரேகையும் போயிருந்தது. "மாசக் கடைசிக்குள்ள வெச்சிடுப்பா, இல்லன்னா பேரு போயிடும்" என்றார் எழுத்தர். அந்தத் தொகை வராவிட்டால் கட்டணம் கட்ட வழியில்லை. விரல் தேற வேலையை விட்டால் அறை வாடகைக்கு வழியில்லை.

மறுநாள் பட்டறையில் சொன்னபோது பேக்கிங் அக்கா சிரித்தார். நாங்கள் தேய்த்த துண்டுகளை எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குபவர். குருபரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருவார். கோபம் வந்தால் தெலுங்கு, கிண்டலென்றால் தமிழ். என் கையைத் திருப்பிப் பார்த்து, "எவன் வீட்ல திருடினாலும் மாட்ட மாட்டே போ" என்றார். பிறகு நேராக சூப்பர்வைசரிடம் போய், "இவன் பெட்டி அடுக்கட்டும், நான் தேய்க்கறேன். உங்களுக்கு பீஸ் எண்ணிக்கை வந்தா போதாதா சார்?" என்றார். நான் தயங்கி நின்றேன். "ரேகை போனா போவுது. எனக்கு யாரு ஜோசியம் பாக்கப் போறாங்க?" என்றார் என்னிடம்.

பன்னிரண்டு நாள் பெட்டி அடுக்கினேன். எண்ணெய்ப் பசையில் விரல்கள் மெல்ல இளகின. அக்காவுக்குத் தேய்ப்பதில் வேகம் வரவில்லை. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார், தெலுங்கில் திருப்பியும் கொடுத்தார். பதின்மூன்றாம் நாள் கல்லூரியில் பச்சை எரிந்தது. அவரவர் இடத்துக்குத் திரும்பினோம்.

அடுத்த வாரம் அக்கா அரைநாள் விடுப்புக் கேட்டு நின்றார். ரேஷன் கடைக் கருவி அவர் விரலை ஏற்கவில்லையாம். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிப்போய்க் கைவைக்கச் சொல்லி அரிசி வாங்க வேண்டும். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். "மூஞ்சிய ஏன்டா அப்பிடி வெச்சிருக்க? கணக்குப் பரீட்சையிலேர்ந்து தப்பிச்சோம்னு அவ குதிக்கிறா" என்றார்.

அந்த ஆண்டுப் பணம் வந்தது. மூன்றாம் ஆண்டை நான் முடிக்கவில்லை. யார்மேலும் குறையில்லை, ஓரிடத்தில் நிற்கும் வழக்கம் எனக்கில்லை. லாரி, கோழிப்பண்ணை, ஓட்டல் என்று போய்க்கொண்டே இருந்தேன். அந்தக் குருபரப்பள்ளி அக்காவிடம் சொல்லாமல் கிளம்பியதுதான் உறுத்தல்.

போன வாரம் காவேரிப்பட்டினத்தில் சிம் வாங்கப் போனேன். அதே மாதிரிக் கருவி. கட்டைவிரலை வைத்ததும் பச்சை எரிந்தது. அப்படியே வைத்திருந்தேன்.

"ரேகை விழுந்துடுச்சுண்ணா, கைய எடுங்க" என்றார் கடைக்காரர்.

எடுத்தேன். குருபரப்பள்ளிக்கு இப்போது பஸ் இருக்குமா என்று அவரிடமே கேட்டேன்.