கட்டைவிரல் பதிந்த குழி

கழக ஆட்சி வந்த புதிதில், கூலித் தகராறு பற்றிப் பத்திரிகைக்கு எழுத ஒரத்தநாடு பக்கம் போனபோது, அங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைப் பார்த்தேன். நரைத்த கொண்டை, ஒல்லி உடம்பு. யார் வந்தாலும் முதலில் கணுக்காலைத்தான் பார்ப்பார்.

அன்று நடவு வேலை செய்யும் பெண் ஒருத்தி கால் வீங்கி வந்தாள். யானைக்கால் என்று சொல்லி அவளை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. நர்ஸ் கட்டைவிரலால் இரண்டு கால்களையும் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"ரெண்டு காலுலயும் நீர் கோத்திருக்கு. ஹார்ட்டா கிட்னியான்னு தஞ்சாவூர்லதான் பாக்கணும்."

"யானைக்கால் இல்லீங்களே நர்ஸம்மா?"

"இல்ல."

"அப்பாடா! நாளைக்கே நடவுக்குப் போயிடுறேங்க."

நர்ஸ் அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய், தானும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறினார். வேலை நேரத்தில் போனதற்கு மெமோ கொடுத்தார்களாம். அந்த நர்ஸின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.